சட்டி காயக் கூடாது

குளத்தாங்கரை மகளிர் கல்லூரியில் சாரல் தொடங்கிய வாரம், வாகை மரத்திலிருந்து ஒரு காகம், யாரும் விரட்டாமல், யாரும் கல்லெறியாமல், தானாகக் கீழே விழுந்து செத்துப்போனது. காவலாளி சுடலைமுத்து அதன் ஒரு சிறகை வெறுங்கையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைக்குழியில் போட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தபோது, காகத்தின் நிழல் மட்டும் விழுந்த இடத்திலேயே கிடந்தது. அவர் அதைக் காலால் தள்ளிப் பார்த்தார், விளக்குமாற்றால் கூட்டிப் பார்த்தார், ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியும் பார்த்தார், சிமெண்டுத் தரை பளிச்சென்று ஆனதே தவிர நிழல் அசையவில்லை. கடைசியில் விடுதிக் காப்பாளர் ஞானசுந்தரியின் அறை வாசலில் வந்து நின்று, குழாய் ஒழுகுகிறது என்று சொல்லும் அதே குரலில் சொன்னார்.

"மேடம், காக்காய எடுத்தாச்சு. நெழலு வர மாட்டேங்கு."

ஞானசுந்தரிக்கு அப்போது மெஸ்ஸில் கேஸ் தீர்ந்துபோன கவலை. "பொழுதடைஞ்சா போயிரும் அண்ணாச்சி," என்றாள்.

பொழுது போனது, நிழல் போகவில்லை. மறுநாள் காலையில் அது எழுந்து நின்று இறக்கையை உதறி, மேலே காகம் என்று ஒன்று இல்லாமலே, தத்தித் தத்தி வராந்தாப் படியேறிப் போய் மெஸ் வாசலில் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டது. அதற்குள் புங்க மரத்தடியில் இன்னொரு காகமும், சைக்கிள் ஸ்டாண்டில் வேறு சிலவும் விழுந்திருந்தன. விழுந்த ஒவ்வொன்றும் தன் நிழலைக் கல்லூரிக்கே விட்டுவிட்டுப் போயிருந்தது. வானம் மூடியிருந்தாலும் சரி, வெயில் அடித்தாலும் சரி, அந்த நிழல்கள் தங்கள் பாட்டுக்கு நடந்தன, கூட்டமாகக் கூடின, ஒன்றின் தலையை ஒன்று கோதிவிட்டன.

எந்த அதிசயமும் முதல் நாள்தான் அதிசயம், இரண்டாம் நாள் அதற்கு ஒரு ஏற்பாடு செய்தாக வேண்டும். காகம் என்பதால் நிழலும் எங்களுடையது என்றது விலங்கியல் துறை. நிழல் என்பதால் காகமும் எங்களுடையது என்றது இயற்பியல் துறை. இரண்டும் முறைத்துக்கொண்டிருந்த இடைவெளியில் தமிழ்த்துறை ஒரு கருத்தரங்கத்துக்குத் தேதி குறித்துவிட்டது. நிழல்களை யாரும் மிதிக்கக் கூடாது என்று முதல்வர் சுற்றறிக்கை அனுப்பினார், ஆனால் அதற்கு முன்பே பெண்பிள்ளைகள் நிழலைக் கண்டால் பாவாடையையும் சுடிதாரையும் லேசாகத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போகப் பழகியிருந்தார்கள். கூட்டுகிற பெண்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள், பிறகு "சூ, அங்கிட்டுத் தள்ளு" என்று அதட்டி நிழலை நகரச் சொல்லிவிட்டு அந்த இடத்தைக் கூட்டினார்கள். மெஸ்ஸில் சோறு வடித்ததும் மதில்மேல் வைக்கிற முதல் பிடியை உயிரோடிருந்த காகங்கள் எடுத்துக்கொண்டன, சோற்றின் நிழலைக் காக்கை நிழல்கள் கொத்திக்கொண்டன, இரண்டுக்கும் ஒரு நாள்கூடச் சண்டை வந்ததில்லை.

காகங்கள் விழுவது நிற்கவில்லை என்று கேள்விப்பட்டு, வட்டாரச் சுகாதார ஆய்வாளர் காதர் மைதீன் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுகிறவர். வாசலில் கிடந்த நிழல்களைச் செருப்பு படாமல் மரியாதையாகத் தாண்டி வந்தவர், சுடலைமுத்து அடுத்த காகத்தைச் சிறகைப் பிடித்துத் தூக்குவதைப் பார்த்ததும் அலறிவிட்டார்.

"வெறுங்கையாலயா தூக்குதீரு? கீழ போடும்வே அத! போயி சோப்புப் போட்டுக் கையக் கழுவும்!"

பிறகு அவரே செய்து காட்டினார். கையுறை மாட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் பையையே கையுறை மாதிரிக் கையில் மாட்டிக்கொண்டு பறவையைப் பிடித்து, பையை அப்படியே உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டால் பறவை பைக்குள் போய்விடும், கை வெளியே வந்துவிடும்; அதை இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டி, புதிதாக விழுந்த ஒன்றிரண்டைக் கால்நடை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றவற்றை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும். சுடலைமுத்து இதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். அன்று முதல் அவர் ஒவ்வொரு காகத்தையும், தூங்குகிற பிள்ளையைச் சட்டைக்குள் நுழைப்பதைப் போல, கண் மூடிய தலை எங்கும் இடிக்காமல் பைக்குள் வாங்கினார்.

"காக்காயக் கடிச்ச கொசு நம்மளையும் கடிக்கும்," என்றார் காதர் மைதீன், விடுதிப் பிள்ளைகளை வராந்தாவில் உட்காரவைத்து. "இது கொசு கொண்டார வைரசு மாதிரித்தான் தெரியுது. நெறையப் பேருக்கு ஒண்ணும் செய்யாது. சிலவங்களுக்கு மூளைக்காய்ச்சல் வரைக்கும் கொண்டு விட்டிரும். பொழுதடையும்போ முழுக்கை போடுங்க, வலைக்குள்ள தூங்குங்க. காய்ச்சலோட தல வலிச்சா அன்னைக்கே சொல்லணும், பரீட்சை இருக்குன்னு மறைக்கப்படாது." பிறகு ஞானசுந்தரியிடம் திரும்பிக் கேட்டார். "தேங்கின தண்ணி எங்கயாச்சும் கெடக்கா டீச்சர்?"

"ஒரு சொட்டுக் கிடையாது சார்," என்றாள் ஞானசுந்தரி.

அவளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். தொட்டிகளுக்கு மூடி இருந்தது. மெஸ்ஸுக்குப் பின்னால் பழைய டயர் இல்லை, தேங்காய்ச் சிரட்டை இல்லை, பூந்தொட்டித் தட்டுகள்கூடக் காய்ந்திருந்தன. காதர் மைதீன் சாக்கடையில் மட்டும் மருந்து தெளித்துவிட்டு, இப்படி ஒரு விடுதியை நான் பார்த்ததில்லை என்று மனசாரச் சொல்லிவிட்டுப் போனார். அவர் நின்று சொன்ன இடத்துக்கு நேர்மேலே, வேப்பங்கிளையில் மண்சட்டிகள் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்தன. இருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஞானசுந்தரி பொய் சொல்லவில்லை. தேங்கிய தண்ணீர் என்றால் அவளுக்குச் சாக்கடை, குட்டை, டயர். மரத்தில் தொங்கியது பறவைத் தண்ணீர்.

அந்தச் சட்டிகள் அவளுடைய பெருமை. வரலாறு நடத்துகிறவள், கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவள், விடுதியின் மூலையறையே வீடாகிப்போனவள். மழை பொய்த்த ஒரு கோடையில், அவள் அறை ஜன்னல் வழியே நுழைந்த மைனா ஒன்று, சொட்டாத குழாயின் வாயில் அலகை வைத்தபடியே செத்துப்போனது. அவள் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் குயவரிடம் சொல்லி அகலமான சட்டிகள் செய்து வாங்கி, எல்லா மரத்திலும் கட்டித் தொங்கவிட்டு, பிள்ளைக்கு ஒரு சட்டி என்று பங்கு வைத்து, ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டால் பெயரும் எழுதிவைத்தாள். ஒரே ஒரு சட்டம்தான்: சட்டி காயக் கூடாது. தினமும் சாயங்காலம் பெயர் கூப்பிட்டு முடித்ததும், "சட்டி காயக் கூடாது" என்று அவள் சொல்வாள், பிள்ளைகள் எழுந்து போய்த் தங்கள் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைச் சட்டியில் ஊற்றிவிட்டு வருவார்கள். கொட்டிவிட்டு ஊற்றுவது என்ற பேச்சே கிடையாது. தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிய வீட்டுப் பிள்ளைகள். அவர்களில் யாருக்கும் தண்ணீரைச் சும்மா தரையில் கவிழ்க்கக் கை வராது, அவர்களைவிட ஞானசுந்தரிக்கு வராது. இருந்த தண்ணீரின் மேலேயே புதுத் தண்ணீர் விழுந்தது, மேலே மினுங்கியது, அடியில் வேப்பம்பூவும் எச்சமும் இலையும் ஊறிக்கொண்டு கிடந்தன.

இந்தச் சட்டத்தை யார் மறந்தாலும் இசக்கியம்மாள் மறக்க மாட்டாள். இரண்டாமாண்டு தாவரவியல், குட்டையான பிள்ளை, எட்டவில்லை என்று அவளுக்காகவே ஒரு சட்டியைக் கயிறு நீட்டித் தாழ்த்திக் கட்டியிருந்தார்கள், அப்படியும் நுனிக்காலில் நின்றுதான் ஊற்றுவாள். ஊரில் கோயில் கொடை என்று லீவு போட்டுப் போனவள், கிடா வெட்டிய சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு விடியக்கால பஸ்சில் திரும்பி வந்து, கேட்டதற்கு, "சட்டி காஞ்சிருமே மேம்" என்றாள். ஞானசுந்தரி அன்று அதை எல்லோர் முன்னாலும் சொல்லிப் பாராட்டினாள்.

காக்கை நிழல்களுக்கும் சாயங்காலமானால் தாகம் எடுத்தது. தரையில் ஆடுகிற சட்டி நிழலின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, கழுத்தை நீட்டி நீட்டிக் குடித்தன. செத்தும் தண்ணீருக்கு நம்மிடம்தானே வருகின்றன என்று பிள்ளைகளுக்கு மனது உருகிப்போனது. முன்பு ஒரு வேளை ஊற்றியவர்கள் இரண்டு வேளை ஊற்றினார்கள். முழுக்கைச் சட்டை போட்டவர்கள்கூடச் சட்டியடியில் நின்று வேடிக்கை பார்க்கும்போது கையைச் சுருட்டி மேலே விட்டுக்கொண்டார்கள். இசக்கிக்குத் தன் சட்டியில் எந்த நிழல் எப்போது வரும் என்பது அத்துப்படி. இருட்டும்வரை அங்கேயே நிற்பாள். கால் மாற்றிக் காலைச் சொறிந்தபடி நிற்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, படிப்பு நேரத்தில், இசக்கி தலையைப் பிடித்துக்கொண்டு மேசையில் சாய்ந்தாள். தொட்டால் கொதித்தது. வாந்தி எடுத்தாள், கழுத்தைத் திருப்ப முடியாமல் அழுதாள், பிறகு யாரையும் தெரியாமல் போய், ஞானசுந்தரியின் சேலையைப் பிடித்துக்கொண்டு "யம்மா, யம்மா" என்றாள். அந்தக் கையை விலக்காமலே அவளைத் தூக்கிவந்து ஆம்புலன்சில் ஏற்றினார்கள். சேலையைப் பிடித்த கை அங்கேதான் தளர்ந்தது, மெஸ்காரப் பெண் ஒருத்தி துணைக்கு ஏற, வண்டி வாசலைத் தாண்டியது. சுடலைமுத்து மட்டும் போர்ட்டிகோவில் குனிந்து நின்றார். காதர் மைதீன் அலறியபோதுகூட மாறாத அவர் குரல் அன்று மாறியது.

"மேடம்... பிள்ளைய ஏத்தியாச்சு. நெழலு ஏறல."

தரையில் இசக்கியின் நிழல் ஒருக்களித்துக் கிடந்தது, முழங்காலை வயிற்றோடு சேர்த்துக்கொண்டு.

இதுவரை அந்தக் கல்லூரியில் நிழலை விட்டுவிட்டுப் போனவை எல்லாம் செத்துப்போனவைதான். அது அங்கே நின்ற ஒவ்வொருத்திக்கும் தெரியும். யாரோ ஒருத்தி விம்மியதும் ஞானசுந்தரி திரும்பினாள். "அழக் கூடாது. அவ சாகல. ஆஸ்பத்திரிக்குத்தான் போயிருக்கா," என்றாள்.

அன்று பிள்ளைகள் ஒரு கொசுவலையை எடுத்துவந்து, நான்கு மூலையையும் தூணில் இழுத்துக் கட்டி, நிழலைச் சுற்றித் தொங்கவிட்டு, ஓரங்களைச் செங்கல் வைத்து அழுத்தினார்கள். நிழலைக் கொசு கடிக்குமா என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. காய்ச்சல்காரி படுத்த கட்டிலில் படுத்தால் ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்த பக்கத்துக் கட்டில்காரிக்கு, இது ஆளிடமிருந்து ஆளுக்கு ஒட்டாது, கொசுதான் கொண்டுவரும் என்று காதர் மைதீன் போனில் சொன்னார். போனை வைக்குமுன் ஞானசுந்தரியிடம் இன்னொரு தடவை கேட்டார்: "நல்லாப் பாத்தியளா டீச்சர்? தேங்கின தண்ணி ஒண்ணுமில்லியே?" இல்லை சார் என்றாள் ஞானசுந்தரி, மறுபடியும்.

மறுநாள் நிழல் எழுந்து நடமாடியது. வகுப்புக்குப் போய் வழக்கமான பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தது, மெஸ் வரிசையில் நின்றது. சாயங்காலம் பெயர் கூப்பிடும்போது, ஞானசுந்தரி இசக்கியின் பெயரைத் தாண்டிவிடலாம் என்றுதான் நினைத்தாள், வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. வராந்தாச் சுவரில் நிழல் கையைத் தூக்கியது. ஒருத்திக்காக ஒருத்தி உள்ளேன் சொல்லியே பட்டம் வாங்கிப் போகிற கல்லூரி அது. ஆனாலும் அன்று யாரும் சிரிக்கவில்லை, ஞானசுந்தரியால் அடுத்த பெயருக்குப் போகவும் முடியவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு நிழல் வேப்ப மரத்தடிக்குப் போனது. நுனிக்காலில் நின்று, தன் சட்டியின் நிழலை நோக்கிக் கையை நீட்டியது. கையில் பாட்டில் இல்லை. அது தெரியாமல் நீட்டிக்கொண்டே நின்றது.

"போயிப் படு பிள்ள. சட்டியெல்லாம் நிறைஞ்சுதான் கெடக்கு," என்றாள் ஞானசுந்தரி. நிழல் கேட்கவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் அப்படியே நின்றது, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் வெளிறியது. முதல் நாள் கரிக்கோட்டைப் போல இருந்தது, பிறகு பென்சில் கோட்டைப் போல ஆனது.

இசக்கியின் அம்மா மாடத்தி ஒரு பிற்பகல் டவுன் பஸ்சில் வந்து இறங்கினாள். பீடி சுற்றுகிறவள், விரல்நுனிகள் மஞ்சளேறி இருந்தன. ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்தவளின் சேலை கசங்கியிருந்தது.

"காச்சல் எறங்கிட்டு டீச்சர். ஆனா கண்ணு முழிக்க மாட்டேங்கா. டாக்டரு, காத்திருங்கன்னு மட்டுஞ் சொல்லுதாவ," என்றாள். "எம்புள்ள நெழலு இங்கன இருக்காமே. அதான் கூட்டிட்டுப் போவலாம்னு வந்தேன்."

ஞானசுந்தரி மரத்தடியைக் காட்டினாள். மாடத்தி பக்கத்தில் போய் நின்றதும், அவள் காலடியில் விழுந்திருந்த அவளுடைய நிழலை நோக்கி மகளின் நிழல் ஓடிவந்தது, இடுப்பைக் கட்டிக்கொண்டது, தோளில் முகத்தைப் புதைத்தது. மாடத்தி குனிந்து பார்த்துக்கொண்டே நின்றாள். தன் நிழலில் மகளின் கை சுற்றியிருப்பது தெரிந்தது, இடுப்பில் ஒன்றும் தெரியவில்லை.

"வாட்டி, போவோம். அங்கன உன் ஒடம்பு தனியாக் கெடக்கு. வா."

அவள் நடந்தாள், நிழலும் கூடவே நடந்தது, வாசல் தெரிகிற தூரம் வந்ததும் கையை உருவிக்கொண்டு மரத்தடிக்கே திரும்பி ஓடி, சட்டியைப் பார்த்துக் கையைத் தூக்கி நின்றது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி வந்தது, மறுபடி ஓடியது. மாடத்திக்கு மூச்சு வாங்கியது.

"என்னத்தக் காட்டுது டீச்சர் அது?"

"அது அவ சட்டி. தண்ணி ஊத்தாம வர மாட்டேங்கா போல. இருங்க, அவளுக்காக நான் ஊத்திருதேன்," என்ற ஞானசுந்தரி, தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு, தலைக்கு மேலே தொங்கும் மற்றச் சட்டிகளைப் போலில்லாமல் தாழ்வாகத் தொங்கிய அந்த ஒரு சட்டிக்குள் முதல்முறையாக எட்டிப் பார்த்தாள்.

தண்ணீர் துடித்துக்கொண்டிருந்தது. மயிரிழை போன்ற புழுக்கள், எண்ண முடியாத புழுக்கள், தலைகீழாகத் தொங்கி மூச்சு விட்டு, அவள் முகத்தின் நிழல் பட்டதும் நெளிந்து நெளிந்து அடியில் ஊறிய இலைகளுக்குள் இறங்கின. விளிம்பிலிருந்து ஒரு கொசு எழுந்து அவள் காதோரம் ரீங்கரித்துவிட்டுப் போனது. சட்டியின் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டில், அவளுடைய சொந்தக் கையெழுத்தில், இசக்கியம்மாள் என்று இருந்தது.

பாட்டில் கையிலிருந்து நழுவியது. அவள் அடுத்த சட்டிக்கு ஓடினாள், கிளையை வளைத்துப் பார்த்தாள், அதற்கடுத்ததைப் பார்த்தாள். எல்லாவற்றிலும் பெயர் இருந்தது, எல்லாவற்றிலும் புழு இருந்தது. தேங்கின தண்ணி இல்லியே டீச்சர் என்று காதர் மைதீன் கேட்டதும், ஒரு சொட்டுக் கிடையாது என்று தான் நிமிர்ந்து நின்று சொன்னதும் அவள் காதில் திரும்பத் திரும்பக் கேட்டன. காகங்களுக்குத் தாகம் தீர்க்கத் தொங்கவிட்ட தண்ணீர்தான் அவற்றைக் கொன்ற கொசுவை வளர்த்திருக்கிறது, அந்தத் தண்ணீரைக் காயவிடாமல் காத்த பிள்ளையைத்தான் அது முதலில் பிடித்திருக்கிறது. அவள் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுதாம்மா," என்றாள். "இதுலருந்துதான் வந்திருக்கு. நாந்தான் வைக்கச் சொன்னேன்."

மாடத்தி சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"பறவைக்குத் தண்ணி வைக்கச் சொன்னிய. அது தப்பில்ல. வேற என்ன சொன்னிய?"

"காயக் கூடாதுன்னு சொன்னேன். தெனமும் சொன்னேன்."

"அப்போ நீங்களே கொட்டுங்க," என்றாள் மாடத்தி. குரலில் கோபம் இருந்தது, கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. "நான் கொட்டுனா அது வராது. எம்பேச்ச அது என்னைக்குக் கேட்டுச்சு? வீட்டுக்கு வந்தாலும் எங்க மேம் சொன்னாவ, எங்க மேம் சொன்னாவன்னுதான் நிக்கும். நீங்க சொன்னாத்தான் கேக்கும்."

ஞானசுந்தரி எழுந்தாள். சட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள். வாழ்க்கையில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட வீணாகத் தரையில் ஊற்றாத கை, சட்டியைச் சாய்க்க மறுத்து நின்றது. நிழல் கையைத் தூக்கியபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு கவிழ்த்தாள். காய்ந்த மணல் தண்ணீரைச் சர்ரென்று இழுத்துக்கொண்டது, புழுக்கள் மேலே கிடந்து துடித்தன, பிறகு ஓய்ந்தன. அவள் கயிற்றை அவிழ்த்துச் சட்டியைத் தரையில் குப்புறக் கவிழ்த்துவைத்தாள்.

"போதும் பிள்ள," என்றாள் நிழலிடம். "நீ ஊத்துனது போதும். உங்க அம்மா கூடப் போ."

தூக்கியிருந்த கை மெல்ல இறங்கியது. அது ஆடுகிற சட்டி நிழலைத் தேடிப் பார்த்தது, அது அங்கே இல்லை. மாடத்தி மேற்கே முதுகைக் காட்டி நின்றாள், சாய்ந்த வெயிலில் அவளுடைய நிழல் நீண்டு கிடந்தது, மழைக்கு அம்மாவின் முந்தானைக்குள் நுழைகிற சின்னப் பிள்ளையாக இசக்கியின் நிழல் அந்த நீண்ட நிழலுக்குள் புகுந்துகொண்டது. இந்த முறை அது திரும்பி ஓடவில்லை.

வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள், யாரும் சொல்லாமலே இறங்கி வந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் பெயர் எழுதிய சட்டியை அவிழ்த்துக் கவிழ்த்தாள். சிலர் அழுதுகொண்டே கவிழ்த்தார்கள். நிழல் காக்காய் எல்லாம் என்ன குடிக்கும் மேம் என்று ஒருத்தி கேட்டாள். "தேங்காய் நார் வெச்சு நல்லாத் தேயுங்க, காய விடுங்க," என்றாள் ஞானசுந்தரி. "நாளையிலிருந்து தெனமும் பழசக் கொட்டிட்டுத்தான் புதுசு ஊத்தணும். கொஞ்சமா ஊத்துங்க. முழுக்கையை இறக்கிவிடுங்க முதல்ல." சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு மாடத்தியின் பின்னால் நடந்தாள்.

பஸ்சில் ஜன்னலோரம் மாடத்தியும் பக்கத்தில் ஞானசுந்தரியும் உட்கார்ந்தார்கள். பெண்களுக்கான இலவசச் சீட்டைக் கிழிக்க வந்த கண்டக்டர், தரையில் விழுந்திருந்த மாடத்தியின் நிழலைப் பார்த்தார், அதில் இரண்டு தலை இருந்தது, கூடவே இன்னொரு சீட்டையும் கிழித்துக் கொடுத்தார். "செக்கர் ஏறுனா என்னியத்தான் கேப்பான்," என்றார். மாடத்தி அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

வெளியே, வானத்தில் ஒரு பறவையும் இல்லாமல், ரோட்டில் காக்கை நிழல்கள் பஸ்சோடு கூடவே பறந்து வந்தன, மைல்கல்லின் மேலும் எருமைகளின் முதுகின் மேலும் ஏறி இறங்கி, குளம் நிறைந்தால் தண்ணீர் வழிகிற மறுகால் வரை வந்தன. அங்கே திரும்பி, தண்ணீரின் மேல் பரந்து, கரையில்லாத பக்கமாகப் போய்விட்டன. ஞானசுந்தரி அவை போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மன்னிச்சிருங்க," என்றாள், திரும்பாமல்.

"அது பொழச்சு வரட்டும் டீச்சர்," என்றாள் மாடத்தி. "பொறவு ஒங்ககிட்ட நல்லா சண்ட போடுதேன்."

ஆஸ்பத்திரி வார்டில் விளக்கு போட்டிருந்தார்கள். இசக்கி மெலிந்து, உதடு வெடித்து, கண்மூடிக் கிடந்தாள், விளக்குக்கு நேரே கிடந்தும் படுக்கை விரிப்பில் அவளுக்கு நிழல் இல்லை. மாடத்தி கட்டிலின் தலைமாட்டில் போய் நின்றாள். அவளுடைய நிழலிலிருந்து மகளின் நிழல் இறங்கி, கட்டில் காலில் ஏறி, விரிப்பில் ஊர்ந்து, பாதத்தோடு பாதம் வைத்து, தோளோடு தோள் வைத்து, கடைசியில் கழுத்தடியில் போய்ப் பொருந்தியது. இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பக்கத்துக் கட்டில்காரி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. நர்ஸ் வந்து சலைன் பாட்டிலை மாற்றிவிட்டுப் போனாள், அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. மாடத்தி ஸ்டூலில் உட்கார்ந்து சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிறகு இசக்கியின் விரல் அசைந்தது, விரிப்பில் நிழல் விரலும் அசைந்தது. கண் கொஞ்சமாகத் திறந்தது. அம்மாவைத் தேடிப் பார்த்தது, அடையாளம் கண்டது, அங்கிருந்து நகர்ந்து ஞானசுந்தரியின் மேல் வந்து நின்றது. அந்தக் கண்ணில் பயம் வந்தது.

"மேம்," என்றாள் இசக்கி, குரலே இல்லாமல். "சட்டி காஞ்சிருச்சா?"

ஞானசுந்தரி கட்டிலருகே குனிந்தாள். அந்த நெற்றியில் கையை வைத்தாள். குளிர்ந்திருந்தது.

"காயட்டும்ட்டி," என்றாள். "காயட்டும். காஞ்சா, கழுவிட்டு வேற ஊத்திக்கிடலாம்."

இசக்கி சரி என்பதைப் போலக் கண்ணை மூடித் திறந்தாள். மாடத்தி ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து, டீச்சர் உட்கார இடம் விட்டாள்.